டங்ஸ்டன் விளக்கு மேடையை விட்டுப் போகும்போது

2018ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றியம் விளக்குகளுக்கான மின்சிக்கன விதிகளின் வரைவு ஒன்றை முன்வைத்தது. ஒரு வாட் மின்சாரத்துக்குக் குறைந்தது 85 லூமென் வெளிச்சம் தராத விளக்கைச் சந்தையில் விற்கக் கூடாது என்பது அதன் சாரம். நாடக மேடைகளில் எரியும் டங்ஸ்டன் ஹாலோஜன் விளக்கு, அதாவது உலோக இழை சூடாகி ஒளிரும் பழைய வகை பல்பு, அதில் பாதியைக்கூட எட்டாது. வீட்டுக்கும் தெருவுக்கும் அலுவலகத்துக்கும் இது நல்ல விதிதான். ஆனால் நாடகக்காரர்கள் பதறிப்போனார்கள். பிரிட்டனின் ஒளி வடிவமைப்பாளர் சங்கம் மேடை விளக்குகளைக் காப்பதற்கென்று ஓர் இயக்கமே நடத்தியது. கடைசியில் 2019இல் வந்த இறுதி விதியில் மேடைக்கென்றே இருக்கும் சில விளக்கு வகைகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. 2021 செப்டம்பரில் விதி நடைமுறைக்கு வந்தபோது அரங்குகள் இருண்டுபோகவில்லை.

ஒரு பல்புக்காக இத்தனை பேர் ஏன் கூடினார்கள்? பணம் முதல் காரணம். பல்பை மட்டும் கழற்றி மின்சிக்கனமான எல்இடியைப் போட்டுவிட முடியாது. விளக்குக் கூடு, வெளிச்சத்தை ஏற்றி இறக்கும் டிம்மர், வயரிங், கட்டுப்பாட்டு மேசை என்று பெரும்பகுதியை மாற்ற வேண்டியிருக்கும். நூறு பேர் உட்காரும் சிறு அரங்கால் அந்தச் செலவைத் தாங்க முடியாது. ஆனால் பணம் கிடைத்திருந்தாலும் ஒளி வடிவமைப்பாளர்கள் சண்டை போட்டிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். டங்ஸ்டன் விளக்கு அணையும் விதத்தை அவர்கள் இழக்கத் தயாராக இல்லை. மேடை ஒளியின் வரலாறு முழுவதும் அந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் ஓடியிருக்கிறது: வெளிச்சத்தை எப்படிக் குறைப்பது, யார் கையால் குறைப்பது, எவ்வளவு மெதுவாகக் குறைப்பது.

மேடை ஒளி என்றதும் பெரும்பாலும் நிறத்தைப் பற்றித்தான் பேசுகிறோம். சோகத்துக்கு நீலம், கோபத்துக்குச் சிவப்பு என்று ஒரு வாய்ப்பாடே புழக்கத்தில் இருக்கிறது. வேலை தெரிந்தவர்கள் அதை நம்பி உட்காருவதில்லை. ஒளி வடிவமைப்பாளர் ஒத்திகைக்கு வந்து பேசாமல் ஒரு மூலையில் உட்காருவார். எந்த வரியில் யார் நகர்கிறார், எந்த மௌனம் எவ்வளவு நீளுகிறது, எந்த முகத்தைப் பார்த்தே ஆக வேண்டும், எந்த முகம் தெரியாமலிருந்தால் நல்லது என்று குறித்துக்கொள்வார். அப்புறம்தான் எந்த விளக்கு எங்கே என்ற வரைபடம். முன்னாலிருந்து வரும் ஒளி முகத்தைக் காட்டும். கூடவே மூக்கையும் கன்னத்தையும் தட்டையாக்கிவிடும். பக்கத்திலிருந்து வருவது உடலைச் செதுக்கும். பின்னாலிருந்து வருவது தோளிலும் முடியிலும் ஒரு கோடு போட்டு நடிகரைப் பின்திரையிலிருந்து பிரித்துக்கொடுக்கும். உச்சந்தலைக்கு நேர் மேலே இருந்து மட்டும் வந்தால் கண்கள் இரண்டும் குழிகளாகிவிடும்.

இந்தக் கோணங்களை ஒரு பாடமாக வகுத்தவர் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் கற்பித்த ஸ்டான்லி மெக்காண்ட்லஸ். 1932இல் வெளியான அவருடைய நூல் மேடையைச் சிறு சிறு நடிப்பிடங்களாகப் பிரித்து, ஒவ்வோர் இடத்துக்கும் இடமிருந்து ஒன்று, வலமிருந்து ஒன்று என 45 பாகைக் கோணத்தில் இரண்டு விளக்குகளை வைக்கச் சொன்னது. ஒன்று வெதுவெதுப்பான நிறம், மற்றது குளிர்ந்த நிறம். முகம் தெளிவாகத் தெரியும், தட்டையாகவும் ஆகாது. இன்றும் பயிற்சிப் பட்டறைகளில் முதல் நாள் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். நடனத்துக்கு இது போதாது. அமெரிக்க நவீன நடனக் கலைஞர் மார்த்தா கிரகாமின் நடனங்களுக்கு ஒளி அமைத்த ஜீன் ரோசன்தால் பக்க ஒளிக்குப் பெரிய இடம் கொடுத்தார். முன்னாலிருந்து வரும் வெளிச்சத்தைக் குறைத்து, பக்கத் தட்டிகளுக்கு நடுவிலிருந்து ஒளியை விட்டால் கை கால் வீச்சு அத்தனையும் முப்பரிமாணத்தில் எழும்.

இதெல்லாம் இடம் சார்ந்த வேலை. நேரம் சார்ந்த வேலை க்யூவில், அதாவது விளக்கை மாற்றச் சொல்லும் குறிப்பில், இருக்கிறது. ஒரு விளக்கு நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு 2 நொடியில் போவதா, 90 நொடியில் போவதா என்று முடிவெடுப்பது அங்கேதான். 2 நொடி மாற்றத்தை எல்லோரும் கவனிப்பார்கள். 90 நொடி மாற்றத்தை யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆனால் அது முடியும்போது மேடையில் பொழுது சாய்ந்துவிட்டது என்பது எல்லோருக்கும் உடம்பில் தெரிந்திருக்கும். நல்ல ஒளி அமைப்பின் பெரும்பகுதி இப்படிக் கண்ணுக்குப் படாத மாற்றங்கள்தான். அதற்கு முழுமுதல் தேவை, பிசிறில்லாமல் மங்கக்கூடிய ஒரு விளக்கு.

மெழுகுவத்திக் காலத்திலேயே இதற்காக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். இத்தாலியின் நிக்கோலா சபாத்தினி 1638இல் எழுதிய மேடைத் தொழில்நுட்ப நூலில், எரியும் சுடர்களுக்கு மேலே தகர உருளைகளைக் கயிற்றில் தொங்கவிட்டு, எல்லாவற்றையும் ஒன்றாகக் கீழே இறக்கி மேடையை இருட்டாக்கும் முறை விளக்கப்பட்டிருக்கிறது. 1817இல் லண்டன் அரங்குகளுக்கு எரிவாயு விளக்கு வந்தது. அதன் பெரிய வரம் வெளிச்சம் கூடியது மட்டுமில்லை. குழாய்கள் எல்லாம் ஒரே இடத்தில் வந்து சேர்ந்ததால், ஓர் ஆள் திருகுகளைத் திருகியே மொத்த மேடையையும் ஏற்றி இறக்க முடிந்தது. இன்றைய விளக்குக் கட்டுப்பாட்டு மேசைக்கு அதுதான் முன்னோடி.

எரிவாயுவுக்குக் கொடுத்த விலையும் பெரிது. 1881 டிசம்பர் 8 அன்று வியன்னாவின் ரிங் தியேட்டரில் காட்சி தொடங்கும் முன் மேடை விளக்குகளைப் பற்றவைக்கும்போது தீப்பிடித்தது. நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். அதே ஆண்டு அக்டோபர் 10 அன்றுதான் லண்டனில் சவாய் தியேட்டர் திறக்கப்பட்டிருந்தது. ஏறத்தாழ 1,200 ஸ்வான் மின்விளக்குகளோடு கட்டிடம் முழுவதையும் மின்சாரத்தால் ஒளியூட்டும் திட்டம் அது. திறப்பு நாளில் பார்வையாளர் பகுதிக்கு மட்டும் மின்சாரம் வந்தது. மேடைக்கு டிசம்பர் 28 அன்று வந்து சேர்ந்தது. அன்று அரங்கின் உரிமையாளர் ரிச்சர்ட் டாய்லி கார்ட் மேடையேறி, எரிந்துகொண்டிருந்த ஒரு பல்பை மஸ்லின் துணியில் சுற்றிச் சுத்தியலால் உடைத்தார். துணி கருகவில்லை என்று தூக்கிக் காட்டினார். வியன்னாவின் புகை அடங்கி மூன்று வாரம்கூட ஆகியிராத சபையில் அந்தத் துணி என்ன பேசியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால் எல்லோரும் மின்சாரத்தைக் கொண்டாடவில்லை. லண்டனின் லைசியம் அரங்கில் ஹென்றி இர்விங்கும் எல்லன் டெர்ரியும் நடித்துக்கொண்டிருந்தார்கள். பார்வையாளர் பகுதியை இருட்டாக்கி மேடையை மட்டும் ஒளியில் வைப்பதிலும், விளக்குக்கென்றே தனி ஒத்திகை நடத்துவதிலும் இர்விங் பெரும் அக்கறை காட்டியவர். மேடை விளிம்பில் மின்விளக்குகள் வந்தபோது முகங்கள் தெரிந்த விதத்தைப் பார்த்து டெர்ரி வருந்தினார். எரிவாயுவையே திரும்பக் கொண்டுவரும்படி இர்விங்கிடம் கேட்டுக்கொண்டார். இர்விங்கும் அப்படியே செய்தார். 1902இல் அந்த அரங்கை விட்டுப் போகும்வரை எரிவாயுவிலேயே நடித்ததாக டெர்ரி தன் நினைவுகளில் பதிவு செய்திருக்கிறார். வாயுச் சுடருக்கு ஓர் அடர்ந்த மென்மை உண்டு என்பது அவருடைய வாதம். டங்ஸ்டனை விட மனமில்லாத இன்றைய வடிவமைப்பாளர்களுக்கு அவர் ஒரு மூத்த தோழி. அவர் சொன்னது வெறும் பழசுப் பிடிப்பு என்று நான் ஒதுக்க மாட்டேன். ஆரம்பகால மின்விளக்குக்கு உண்மையிலேயே அந்த மென்மை இல்லை. அதை எப்படிக் கையாள வேண்டும் என்றும் அப்போது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

கையாளும் வழியைக் கனவு கண்டவர் அடோல்ஃப் ஆப்பியா. 1862இல் ஜெனிவாவில் பிறந்தவர். திரையில் மரமும் மலையும் வரைந்து தொங்கவிட்டு, அந்தப் படம் நன்றாகத் தெரிய வேண்டும் என்பதற்காக மேடையெங்கும் ஒரே சீராக வெளிச்சத்தைக் கொட்டிக்கொண்டிருந்த காலத்தில், வரைந்த திரையே வேண்டாம் என்றார். படிகள், மேடைகள், தூண்கள், அவற்றின்மேல் நகரும் ஒளி, நடுவே நடிகரின் உடல். இசை எப்படி ஏறி இறங்குகிறதோ அப்படி ஒளியும் ஏறி இறங்க வேண்டும் என்பது அவர் பார்வை. பரவலாக நிரப்பும் ஒளி வேறு, நிழலோடு சேர்ந்து உருவம் கொடுக்கும் ஒளி வேறு என்று அவர் 1899இல் வெளியான தன் நூலில் பிரித்துச் சொன்னது இன்றுவரை தொழிலின் அடிப்படை. ஜெர்மனியில் ட்ரெஸ்டன் அருகே ஹெல்லராவில் 1912, 1913 ஆண்டுகளில் அவருக்கு அதைச் செய்துபார்க்க வாய்ப்புக் கிடைத்தது. அங்கே அலெக்சாண்டர் ஃபான் சால்ஸ்மான் அரங்கின் சுவர்களையும் கூரையையும் மெல்லிய வெள்ளைத் துணியால் மூடி, அதன் பின்னே ஆயிரக்கணக்கான பல்புகளைப் பொருத்தி, எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து இயக்கினார். விளக்கு எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் அறையே ஒளிர்ந்தது.

இதற்கு நடுவில் டிம்மர் வளர்ந்த கதை கொஞ்சம் கரடுமுரடானது. உப்புத் தண்ணீர் ஜாடியில் உலோகத் தகடுகளை ஏற்றி இறக்கி மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தியிருக்கிறார்கள். பின்னர் பெரிய கைப்பிடிகள் கொண்ட மின்தடைப் பெட்டிகள் வந்தன. பெரிய நாடகமானால் இரண்டு மூன்று பேர் கைகளாலும் முழங்கைகளாலும் அவற்றை ஒரே நேரத்தில் தள்ள வேண்டும். 1940களின் பிற்பகுதியில் யேலில் ஜார்ஜ் ஐசனவர் மின்னணு டிம்மர் மேசையை உருவாக்கினார். 1975இல் 'எ கோரஸ் லைன்' இசை நாடகத்துக்காக தாரன் மஸர், க்யூக்களை நினைவில் வைத்துக்கொள்ளும் கணினி மேசையை நியூயார்க்கின் பிராட்வே அரங்குகளுக்குக் கொண்டுவந்தார். அதற்குப் பிறகு ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். நூறு விளக்குகள் தத்தம் வேகத்தில் நகரும்.

ஆனால் இத்தனை மாற்றத்திலும் கம்பியின் மறுமுனையில் எரிந்தது அதே டங்ஸ்டன் இழை. மேசை மாறியது, பல்பு மாறவில்லை. அந்த இழையின் குணத்தைப் புரிந்துகொண்டால்தான் இன்றைய சிக்கல் புரியும்.

முழு மின்சாரம் பாயும்போது மேடை டங்ஸ்டன் விளக்கின் நிறவெப்பம், அதாவது அதன் வெள்ளை எவ்வளவு செம்மை, எவ்வளவு நீலம் என்று சொல்லும் அளவு, ஏறத்தாழ 3,200 கெல்வின். மின்சாரத்தைக் குறைக்கக் குறைக்க இழை சூடு தணிகிறது. சூடு தணியத் தணிய வெள்ளை பொன்னிறமாகி, செம்மஞ்சளாகி, கடைசியில் அடுப்புக் கங்கு போலச் சிவந்து அடங்குகிறது. மாலைச் சூரியனும் எண்ணெய் தீர்ந்த அகலும் இதே வரிசையில்தான் மங்குகின்றன. வெளிச்சம் குறைந்தால் நிறம் சிவக்கும் என்பதை மனிதக் கண் காலங்காலமாகப் பழகி வைத்திருக்கிறது. இன்னொரு குணமும் உண்டு. இழை உடனே ஆறாது. 1,000 வாட் விளக்கின் மின்சாரத்தைச் சட்டென்று நிறுத்தினாலும் இழையில் சிறிது நேரம் செம்மை நிற்கும். டிம்மரை இயக்குபவரின் கை லேசாக உதறினாலும் இழையின் சூடு அந்த உதறலை விழுங்கிவிடும்.

எல்இடி விளக்கில் சூடாகி ஒளிரும் இழை கிடையாது. மின்சாரம் இருந்தால் ஒளி, இல்லாவிட்டால் இருள், நடுவில் ஆறும் நேரம் இல்லை. பெரும்பாலான எல்இடி விளக்குகளை மங்கச் செய்வதற்கு அவற்றை நொடிக்கு நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான முறை அணைத்து ஏற்றுகிறார்கள். அணைந்திருக்கும் நேரம் கூடினால் கண்ணுக்கு மங்கலாகத் தெரியும். நிறம் மாறாது. நூறு சதவீதத்தில் எந்த வெள்ளையோ, ஒரு சதவீதத்திலும் அதே வெள்ளைதான். இது இயற்கையில் நாம் பார்த்தே இராத மங்கல். மரணக் காட்சியின் முடிவில் மேடை சாம்பல் பூத்தாற்போல ஆகி, விறைத்து நின்று, சட்டென்று காணாமல் போகும்.

அந்தச் 'சட்டென்று' எங்கிருந்து வருகிறது? மேசையிலிருந்து விளக்குக்குப் போகும் டிஎம்எக்ஸ் சமிக்ஞை 1986இல் வகுக்கப்பட்டது. அதில் ஒரு சேனலுக்கு, அதாவது ஒரு கட்டளைத் தடத்துக்கு, 0 முதல் 255 வரை 256 படிகள். 200இலிருந்து 201க்குப் போனால் யாருக்கும் தெரியாது. ஆனால் 2இலிருந்து 1க்கு இறங்கும்போது, நேர்விகிதத்தில் இயங்கும் விளக்கில் வெளிச்சம் பாதியாகிவிடும். கண் இருட்டுக்குப் பழகியிருக்கும் அந்தக் கணத்தில் அது ஒரு குதி. டங்ஸ்டன் இழை அந்தப் படிகளைத் தன் சூட்டால் மெழுகிவிட்டது. எல்இடி அப்படியே காட்டிக்கொடுக்கிறது. நாடகத்தில் மிக முக்கியமான இடம் பெரும்பாலும் அந்தக் கடைசிச் சில சதவீதத்தில்தான் இருக்கும் என்பதுதான் துயரம்.

தோல் நிறமும் துணி நிறமும் அடுத்த பிரச்சினை. டங்ஸ்டனின் ஒளியில் சிவப்பு முதல் ஊதா வரை எல்லா அலைநீளங்களும் இடைவெளியில்லாமல் இருக்கும். 'பார்' (PAR) என்று அழைக்கப்படும் மலிவான எல்இடி மேடை விளக்கில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று கூர்முனைகள் மட்டும். மூன்றையும் கலந்தால் சுவரில் வெள்ளையாகத் தெரியும். ஆனால் அரக்குப் பட்டு தனக்கு வேண்டிய அலைநீளத்தை அந்தக் கலவையில் தேடினால் கிடைக்காது. பழுப்புத் தோல் சில சமயம் ரோஜா பூசினாற்போலவும் சில சமயம் நோயாளியின் தோல் போலவும் ஆகும். நடிகர் மேல் பிழை இல்லை, ஒப்பனைக்காரர் மேலும் பிழை இல்லை.

எல்இடியைத் திட்டுவது என் நோக்கமல்ல. டங்ஸ்டன் விளக்கு வாங்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி வெறும் சூடாகப் போகிறது. அந்தச் சூட்டில் நடிகர்கள் வியர்த்து ஒழுகுகிறார்கள், ஏசி திணறுகிறது, விளக்கின் முன் செருகும் நிறத்தாள்கள் வெளுத்துக் கருகுகின்றன. நிறத்தை மாற்ற ஏணியேற வேண்டும். எல்இடி வந்ததால் ஒரே விளக்கு ஒரு காட்சியில் விடியலும் அடுத்த காட்சியில் நிலாவும் ஆகிறது. நல்ல நிறுவனங்கள் மூன்று நிறங்களோடு நிற்காமல் அம்பர், எலுமிச்சைப் பச்சை போன்ற நிறங்களையும் சேர்த்து இடைவெளிகளை நிரப்புகின்றன. இரண்டு சேனல்களை இணைத்து 65,536 படிகளில் மங்கச் செய்கின்றன. வெளிச்சம் குறையும்போது வேண்டுமென்றே செம்மையைக் கூட்டி டங்ஸ்டனின் குணத்தைப் போலவே நடந்துகொள்ள வைக்கின்றன. இவையெல்லாம் நடந்ததற்குக் காரணம், கடைசி ஐந்து சதவீதம் சரியில்லை என்று விடாமல் புகார் சொன்ன வடிவமைப்பாளர்கள்தான்.

இந்தியாவில் இந்தக் கதைக்கு ஒரு தனி அத்தியாயம் உண்டு, அதன் நாயகர் ஒளி வடிவமைப்பாளர் தாபஸ் சென். 1959 இறுதியில் கொல்கத்தாவின் மினர்வா அரங்கில் உத்பல் தத்தின் 'அங்கார்' நாடகம். நிலக்கரிச் சுரங்கத்துக்குள் தண்ணீர் ஏறித் தொழிலாளர்கள் மூழ்கும் இறுதிக் காட்சியை தாபஸ் சென் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் ஒளியால் மட்டும் நிகழ்த்தினார். அதற்காகவே மக்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள். இறக்குமதிக் கருவிகள் கைக்கு எட்டாத காலம் அது. கிடைத்த தகர டப்பாக்களையும் சாதாரண பல்புகளையும் கொண்டு வேலை செய்தவர் என்று நாடக உலகம் அவரை நினைவுகூர்கிறது. வெள்ளம் ஏறுவதை நம்பவைக்க வேண்டுமானால் ஒளியின் விளிம்பு நடிகர்களின் உடம்பில் மெதுவாக, விட்டுவிடாமல் ஏற வேண்டும். கருவி மலிவாக இருக்கலாம். ஏறும் வேகம் தப்பக்கூடாது.

நம் தெருக்கூத்துக்கு இந்த மங்கல் தேவைப்படவே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு பேர் பிடிக்கும் திரைதான் அங்கே பாத்திரத்தின் வருகையை அறிவிக்கிறது. விளக்கு இரவு முழுவதும் ஒரே நிலையில் எரியும். ஆனால் அந்த அரிதாரம் தீவட்டிக்கும் எண்ணெய் விளக்குக்கும் எதிரே வளர்ந்தது. ஆடும் சுடரில் கண்ணைச் சுற்றிய கோடுகள் தாமாகவே அசையும். வெள்ளைக் குழல்விளக்கின் கீழ் அதே முகம் அசைவில்லாமல் போகிறது. ஒளி மாறியபோது கூத்துக் கலைஞரை யாரும் கலந்து பேசவில்லை.

இப்போது தமிழ்நாட்டு அரங்குகளிலும் சபாக்களிலும் அதுவே நடக்கிறது. பழைய டிம்மர் அறைகள் காலியாகின்றன, எல்இடி பார் விளக்குகள் வரிசையாக ஏறுகின்றன. வாங்குவது நிர்வாகம், பார்ப்பது விலைப்பட்டியல். வாடகைக்கு லைட் கொண்டுவருபவர் காலையில் வந்து கட்டி, மாலையில் நிகழ்ச்சி முடிந்ததும் அவிழ்க்கிறார். ஒத்திகை பார்க்க அவருக்கு நேரமும் இல்லை, அதற்குச் சம்பளமும் இல்லை. விளைவு, பரதநாட்டியத்தில் வர்ணம் ஆடும் பெண்ணின் முகத்தில் கத்தரிப்பூ நிறம் வழிகிறது, ஒரு நொடி கழித்துப் பச்சை. ஒன்றிரண்டு ஆயிரம் மிச்சம் பிடித்து, ஆண்டுக்கணக்கில் உழைத்த ஒரு அபிநயத்தைக் கண்ணுக்குத் தெரியாமல் செய்துவிடுவது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

புதிய விளக்கு வாங்கும் குழுவில் ஒரு நாடகக்காரரோ நடனக்காரரோ இருந்தால் அரைமணி நேரத்தில் இதைச் சோதித்துவிடலாம். பார்வையாளர் பகுதியை முழுதாக இருட்டாக்கிவிட்டு, விளக்கை முழு வெளிச்சத்திலிருந்து பூஜ்யத்துக்கு 60 நொடியில் இறக்கச் சொல்ல வேண்டும். கடைசிப் பத்து நொடியில் வெளிச்சம் படிபடியாகக் குதித்து இறங்குவது தெரிந்தால் அந்த விளக்கு நாடகத்துக்கு ஆகாது, கச்சேரிக்கு வேண்டுமானால் போகட்டும். பிறகு அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சைப் பட்டுகளை அதன்முன் பிடித்து, பக்கத்தில் ஒரு பழைய டங்ஸ்டன் விளக்கையும் எரியவிட்டு ஒப்பிட வேண்டும். கைபேசி கேமராவில் படமெடுத்துப் பார்த்தால், விளக்கு அணைந்து அணைந்து எரிவதால் படத்தில் பட்டைகள் ஓடுகின்றனவா என்பதும் தெரிந்துவிடும். நிகழ்ச்சியைப் பதிவு செய்பவர்களுக்கு அது பெரிய தலைவலி. நிறம் தீட்டும் விளக்குகள் எல்லாம் எல்இடியாக இருக்கட்டும். முகத்துக்கு முன்னாலிருந்து வரும் ஏழெட்டு விளக்குகளையும் அவற்றுக்கான டிம்மர்களையும் மட்டுமாவது, நல்ல மாற்று வாங்கப் பணம் சேரும்வரை, பழைய இரும்புக் கடைக்கு அனுப்பாமல் வைத்திருக்கலாம்.